வஸ்தோக் விண்கலம்: முதல் மனிதனை ஏற்றிச் சென்ற வண்டியின் விரிவான மதிப்பாய்வு

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரினை ஏற்றிக்கொண்டு பூமியை ஒருமுறை சுற்றிவிட்டு வந்த கலத்தின் தயாரிப்புப் பெயர் வஸ்தோக் 3கேஏ. 1963 ஜூன் வரை இதே மாதிரியில் ஆறு பேர் பறந்தார்கள். ஆறு பேரும் உயிரோடு இறங்கினார்கள். இந்த ஆறுக்கு ஆறு கணக்கை மட்டும் வைத்து "மிக நம்பகமான கலம்" என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அது பாதி உண்மை. வஸ்தோக் தன் வடிவத்தையும் ஈர்ப்பையும் காற்றையும் நம்பிய இடங்களில் ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. வால்வு, கேபிள், சென்சார் என்று கருவிகளை நம்பிய இடங்களில் திரும்பத் திரும்பத் தடுமாறியது. இந்தக் கலத்தைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

உருண்டை

கலம் இரண்டு பாகம். ஆள் உட்காரும் பாகம் 2.3 மீட்டர் விட்டமுள்ள உருண்டை, எடை ஏறத்தாழ 2.46 டன். அதன் பின்னால் இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டியதுபோல ஒரு கருவிப் பெட்டி. மின்கலம், ரேடியோ, வேகத்தைக் குறைத்துக் கலத்தைக் கீழே இறக்கும் இன்ஜின் எல்லாம் அதில்தான். இரண்டும் சேரும் கழுத்தைச் சுற்றி ஆக்சிஜனும் நைட்ரஜனும் நிரப்பிய சிறு உருண்டைக் குடுவைகள் மாலை கோத்ததுபோல இருக்கும். நான்கு உலோகப் பட்டைகள் உருண்டையைக் கட்டிப் பிடித்துக் கருவிப் பெட்டியோடு இறுக்கியிருக்கும். மொத்த எடை ககாரினின் பயணத்தில் 4,725 கிலோ. அதே காலத்து அமெரிக்க மெர்க்குரி கலம் ஒன்றரை டன்னுக்கும் குறைவு. இவ்வளவு எடையைத் தூக்க முடிந்ததற்குக் காரணம் ஆர்-7 ராக்கெட். கனமான அணுகுண்டை இன்னொரு கண்டத்துக்கு எறிவதற்காகச் செய்த ராக்கெட் அது. எடைக்குப் பஞ்சமில்லாததால்தான் வடிவமைப்பாளர்கள் எளிய வழியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

அந்த எளிய வழிதான் உருண்டை. சோவியத் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரொலியோவின் அலுவலகத்தில் இந்த வடிவத்துக்காக வாதாடியவர் கான்ஸ்டன்டின் ஃபியோக்டிஸ்டோவ். காற்று எந்தப் பக்கத்திலிருந்து மோதினாலும் உருண்டைக்கு ஒன்றுதான். ஒலியின் வேகத்தைப் போல இருபது மடங்கிலும், ஒலிக்குக் கீழான வேகத்திலும் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அன்றைய கணக்குக் கருவிகளை வைத்தே போட்டுவிடலாம். உள்ளே கனமான பொருள்களை ஒரு பக்கமாக வைத்துவிட்டால் எடைமையம் நடுவிலிருந்து விலகிவிடும். எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்து உட்காரும் தலையாட்டி பொம்மை மாதிரி, காற்று மண்டலத்தில் நுழைந்ததும் கனமான பக்கம் முன்னால் போகும்படி உருண்டை தானே திரும்பிக்கொள்ளும். இதற்கு எரிபொருளும் வேண்டாம், திசையை உணரும் சுழலியான ஜைரோவும் வேண்டாம், பயணி விழித்திருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

இதற்கு விலையும் உண்டு. எந்தப் பக்கம் முன்னால் போகும் என்பது நுழையும் தருணத்தில் உறுதியில்லை என்பதால் உருண்டை முழுவதையும் வெப்பக் கவசத்தால் மூடவேண்டும். உருண்டைக்கு ஏற்றவிசை கிடையாது. எறிந்த கல்லைப் போலத்தான் விழும். அதனால் உள்ளே இருப்பவர் 8 முதல் 9 ஜி வரை, அதாவது தன் எடையைப் போல எட்டு ஒன்பது மடங்கு அழுத்தத்தைத் தாங்கவேண்டும். இறங்கும் இடத்தைத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. இன்ஜினை அணைத்த நொடியில் எங்கே விழவேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

இந்த வடிவத்தின் தகுதிக்குச் சரியான சாட்சி மனிதர்களின் பயணத்தில் இல்லை, 1960 டிசம்பர் 22 ஏவுதலில் இருக்கிறது. மேல் அடுக்கு இன்ஜின் பழுதாகி ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டவே இல்லை. எந்தத் திட்டத்திலும் இல்லாத பாதையில் உருண்டை சைபீரியாவில் விழுந்தது. உள்ளிருப்பவரோடு வெளியே எறியவேண்டிய சீட்டும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. மீட்புக் குழு போய்ச் சேர நாள்கணக்கில் ஆனது. கடும் குளிர். ஆனால் உள்ளே இருந்த இரண்டு நாய்களும் உயிரோடு இருந்தன. அன்று கருவிகள் பலவும் தவறின. உருண்டை தவறவில்லை.

உள்ளே

பயணிக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 1.6 கன மீட்டர். எறியும் சீட் அதில் பெரும்பங்கை அடைத்துக்கொள்ளும். பயணி எஸ்கே-1 என்ற அழுத்த உடையில், அதன்மேல் ஆரஞ்சு நிற மேலுறையோடு, அரை மல்லாந்த நிலையில் படுத்திருப்பார். முன்னால் உள்ள பலகையில் கருவிகள் மிகக் குறைவு. மெர்க்குரி கலத்தின் பலகையோடு வைத்துப் பார்த்தால் காலியாக இருப்பதுபோலவே தோன்றும். எடையின்மையில் மனிதன் நிலைகுலைந்துபோவானோ என்ற பயம் அன்றைக்கு மருத்துவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. எல்லாமே தானியங்கி, மனிதன் மாற்று ஏற்பாடு என்ற முடிவு அதிலிருந்து வந்ததுதான்.

காற்று ஏற்பாட்டுக்கு முழு மதிப்பெண் தரலாம். அறையில் தரைமட்ட அழுத்தத்தில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த சாதாரணக் காற்று. மூச்சில் வரும் ஈரமும் கரியமில வாயுவும் பட்டால் ஆக்சிஜனை வெளிவிடும் பொட்டாசியம் சேர்மம் ஒரு பெட்டியில் இருக்கும். மூச்சு வாங்குவதே அதை வேலை செய்ய வைக்கும். மெர்க்குரி தூய ஆக்சிஜனைக் குறைந்த அழுத்தத்தில் வைத்தது. அதனால் எடை மிச்சம், குழாய்கள் குறைவு, ஆனால் தீ ஆபத்து. ஆக்சிஜன் மிகுந்த அறையில் நெருப்பு எப்படிப் பிடிக்கும் என்பதை இரு தரப்பும் உயிர் கொடுத்துத்தான் கற்றார்கள். ககாரின் பறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, 1961 மார்ச் 23 அன்று, தரையில் நடந்த தனிமை அறைப் பயிற்சியில் சோவியத் விண்வெளி வீரர் வலந்தீன் போந்தரென்கோ எரிந்து இறந்தார். 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலத்தில் மூவர் இறந்தார்கள். வஸ்தோக்கின் கனமான காற்று ஏற்பாடு இந்த ஆபத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்தது.

பலகையின் ஒரு பக்கத்தில் கையளவுள்ள ஒரு பூமிக்கோளம் இருக்கும். பெயர் குளோபஸ். முழுக்க முழுக்கப் பற்சக்கரம். சுற்றுப்பாதையின் கால அளவை முன்கூட்டியே அதில் வைத்துவிட்டால் கோளம் மெல்லச் சுழன்று கலம் இப்போது எந்த இடத்துக்கு மேல் இருக்கிறது என்று காட்டும். ஒரு சுவிட்சைத் திருப்பினால் கோளம் முன்னே ஓடி, "இந்த நொடியில் இன்ஜினைப் போட்டால் இங்கே இறங்குவாய்" என்ற இடத்தில் நிற்கும். கணினி இல்லாத காலத்தில் இப்படி ஒன்றைப் பற்சக்கரத்திலேயே முடித்திருப்பதை இன்று பார்த்தாலும் மெய்சிலிர்க்கும். ஆனால் இதன் எல்லையும் தெரிந்திருக்கவேண்டும். குளோபஸுக்கு வெளியே எதுவும் தெரியாது. கொடுத்த கால அளவு கொஞ்சம் பிசகினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் பிழை கூடிக்கொண்டே போகும். தரையிலிருந்து எண்களை வாங்கி அவ்வப்போது திருத்தவேண்டும்.

கையால் ஓட்டுவது எப்படி

தானியங்கி பழுதானால் பயணியே கலத்தைத் திருப்பி இன்ஜினைப் போடலாம். முதல் பயணத்தில் அந்த வசதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டைத் திறக்க மூன்று இலக்க எண் வேண்டும். அந்த எண் ஒட்டிய உறையில் கலத்துக்குள்ளேயே இருக்கும். உறையைப் பிரித்து, எண்ணைப் படித்து, சரியாக அழுத்தும் அளவுக்குத் தெளிவிருந்தால் அவரை ஓட்ட விடலாம் என்பது கணக்கு. எண் 125. ஆனால் ஆபத்து நேரத்தில் கையுறை போட்ட கையால் உறையைத் தேடிப் பிரிப்பதே தாமதம். ரேடியோ அறுந்திருந்தால் உதவிக்கும் ஆளில்லை. கொரொலியோவின் ஆட்களுக்கே இது சரியாகப் படாததால் ஏவுவதற்கு முன்பே ககாரினிடம் எண்ணைச் சொல்லிவிட்டார்கள். வடிவமைப்பின் மற்ற முடிவுகளோடு ஒப்பிட்டால் இந்தப் பூட்டு தேவையில்லாத சுமை என்றே சொல்லவேண்டும்.

பூட்டு திறந்ததும் பார்வை கால் பக்கம் போகவேண்டும். அங்கே உள்ள ஜன்னலில் விசோர் என்ற ஒளியியல் கருவி பொருத்தியிருக்கும். வட்டத்தின் நடுவில் கீழே ஓடும் பூமி தெரியும். அதைச் சுற்றி எட்டுச் சிறு கட்டங்கள். கலம் பூமிக்குச் சரியாகச் செங்குத்தாக நின்றால் எட்டுக் கட்டங்களிலும் தொடுவானத்தின் ஒளி சம அளவில் தெரியும். ஒரு பக்கம் இருண்டு எதிர்ப்பக்கம் வெளுத்தால் கலம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்து நடுவட்டத்தைப் பார்க்கவேண்டும். கண்ணாடியில் வரைந்த கோடுகளின் போக்கிலேயே நிலமும் மேகமும் ஓடினால் திசையும் சரி. கோடுகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஓடினால் கைப்பிடியை மெல்லத் திருப்பி நேராக்கவேண்டும். கைப்பிடியை அசைக்கும்போது நைட்ரஜன் வாயு சிறு தாரைகளாக வெளியேறிக் கலத்தைச் சுழற்றும். தொடங்கிய சுழற்சி தானே நிற்காது. எதிர்த்திசையில் அதே அளவு கொடுத்தால்தான் நிற்கும். அவசரப்பட்டால் வாயுதான் வீணாகும். வாயு தீர்ந்தால் திரும்பும் வழியும் தீர்ந்தது. இரவுப் பக்கத்தில் விசோரில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதால் பகல் ஒளியில் இருக்கும்போதே இந்த வேலையை முடிக்கவேண்டும்.

ஏறும்போது

ஏவுதல் அவசரத்துக்கும் தரையிறங்குவதற்கும் ஒரே சீட். சிக்கனமான யோசனை. ராக்கெட்டின் மூடியில், கலத்தின் கதவுக்கு நேராக, சீட் வெளியேற ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். ஆனால் ஏவிய முதல் 20 வினாடிவரை சீட்டை வெளியே எறிந்தாலும் பாராசூட் ஒழுங்காக விரிய உயரம் போதாது. ஏவுதளத்தில் வலை கட்டி வைத்தார்கள் என்றாலும் அதை முழுமையான காப்பு என்று சொல்ல முடியாது. மெர்க்குரி இந்த இடத்தில் தெளிவாக மேல். அதன் தலையில் இருந்த கோபுரத்தில் திட எரிபொருள் ராக்கெட் உண்டு. தரையில் நிற்கும்போதே கலத்தை முழுசாகப் பிடுங்கி உயரே கொண்டுபோய்விடும்.

கதவு இன்னொரு விஷயம். சுமார் ஒரு மீட்டர் விட்டமுள்ள மூடி, சுற்றிலும் சுமார் 30 திருகுகள். ககாரின் உள்ளே உட்கார்ந்து மூடியை இறுக்கிய பிறகு, மூடி சரியாகப் பதிந்ததைச் சொல்லவேண்டிய மின்தொடர்புகளில் ஒன்று சமிக்ஞை தரவில்லை. கலத்தின் முன்னணி வடிவமைப்பாளர் ஒலெக் இவனோவ்ஸ்கியும் அவரது குழுவினரும் எல்லாத் திருகுகளையும் கழற்றி, தொடர்பைச் சரிசெய்து, மறுபடி இறுக்கினார்கள். ஏவும் நேரம் தள்ளிப்போகவில்லை. மூடி தவறவில்லை, மூடியைப் பற்றிச் சொல்லும் சென்சார்தான் தவறியது. வஸ்தோக்கில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது.

இறக்கும் இன்ஜின்

வஸ்தோக்கின் உண்மையான பலவீனம் இங்கேதான் தொடங்குகிறது. அலெக்சேய் இசாயெவின் அலுவலகம் செய்த டிடியூ-1 இன்ஜின் சுமார் 1.6 டன் உந்துவிசை தரும், முக்கால் நிமிடம்போல எரியும். கலத்தில் இது ஒன்றே ஒன்று. மாற்று இல்லை. மெர்க்குரியில் மூன்று திட எரிபொருள் ராக்கெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பற்றவைப்பு.

மாற்று இன்ஜின் வைக்காமல் விட்டதற்கு ஒரு கணக்கு இருந்தது. சுற்றுப்பாதையைத் தாழ்வாக வைத்தால் மேலிருக்கும் மெல்லிய காற்றே கலத்தை இழுத்து இழுத்து 10 நாளுக்குள் கீழே கொண்டுவந்துவிடும். எனவே 10 நாளுக்கான காற்றும் உணவும் ஏற்றினார்கள். கணக்கு அழகானது. ஆனால் அது ராக்கெட் கலத்தைச் சரியான உயரத்தில் விடுவதைப் பொறுத்தது. ககாரினின் ராக்கெட்டில் இன்ஜினை நிறுத்தவேண்டிய ரேடியோ கட்டளை வேலை செய்யவில்லை. மாற்று ஏற்பாடு நிறுத்துவதற்குள் வேகம் கூடிவிட்டது. பாதையின் உச்சி திட்டமிட்ட சுமார் 230 கி.மீ. என்பதிலிருந்து 327 கி.மீ. ஆனது. அந்த உயரத்தில் 10 நாள் கணக்கு செல்லாது. டிடியூ-1 எரிந்தே ஆகவேண்டும்.

மாஸ்கோ நேரம் 10:25. சூரியனைப் பார்த்துத் திசையை வைக்கும் சென்சார் கலத்தைத் திருப்பிவிட்டது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம், இறங்கவேண்டிய இடத்துக்கு 8,000 கி.மீ. முன்னால், இன்ஜின் எரிந்தது. ஆனால் எரிபொருள் வழியில் இருந்த ஒரு தடுப்பு வால்வு முழுமையாக மூடவில்லை. எரிபொருளில் ஒரு பகுதி எரியும் அறைக்குப் போகாமல் வேறு வழியில் நழுவியது. அணைக்கும் கட்டளை வருவதற்கு ஒரு கண நேரம் முன்னதாகவே, 44 வினாடியில், எரிபொருள் தீர்ந்து இன்ஜின் நின்றது. நொடிக்கு 136 மீட்டர் வேகம் குறையவேண்டியது 132 மீட்டர்தான் குறைந்தது. இறங்குவதற்கு இது போதும். ஆனால் இந்த நான்கு மீட்டர் வேறு இரண்டு தொல்லைகளைக் கிளப்பிவிட்டது.

முதலாவது சுழற்சி. கட்டளையால் ஒழுங்காக நிறுத்தப்படாததால் குழாய்கள் மூடவில்லை. மிச்சமிருந்த வாயுவும் ஆக்சிஜனேற்றியும் திறந்த வழிகளில் பீறிட்டுக் கலத்தை நொடிக்குச் சுமார் 30 பாகை வேகத்தில் சுழற்றிவிட்டன. ஜன்னலில் ஆப்பிரிக்கா, தொடுவானம், வானம் என்று மாறி மாறி ஓடியதை ககாரின் தன் அறிக்கையில் சொல்லியிருக்கிறார். சூரியன் நேரே கண்ணில் அடிக்காமல் காலை வைத்து மறைத்துக்கொண்டார்.

இரண்டாவது, பாகங்கள் பிரிவதில் வந்த கோளாறு. இன்ஜின் நின்று 10, 12 வினாடிக்குள் உருண்டையும் கருவிப் பெட்டியும் தனித்தனியாகியிருக்கவேண்டும். "வேகம் சரியாகக் குறைந்தது" என்ற சமிக்ஞை வராததால் வழக்கமான பிரிவுக் கட்டளை அடைபட்டுப்போனது. இரண்டரை டன் உருண்டையும் இரண்டேகால் டன் கருவிப் பெட்டியும் ஒட்டியபடியே சுழன்றுகொண்டு இறங்கின. காற்று மண்டலத்தின் விளிம்பில் வெப்பம் ஏறியபோது, அதற்கென்றே வைத்திருந்த வெப்ப சென்சார்கள் பட்டைகளை விடுவித்தன. மணி 10:35. பத்து நிமிடத் தாமதம். இந்த மாற்று ஏற்பாடு இல்லாவிட்டாலும் கட்டுகளை நெருப்பே தின்றிருக்கும், ஆனால் அதற்குள் உருண்டையின் எந்தப் பக்கம் எவ்வளவு அடி வாங்கியிருக்கும் என்று யாராலும் கணக்கிட முடியாது. ககாரின் நிலைமையை எடைபோட்டு, எப்படியும் இறங்கிவிடுவோம் என்று முடிவு செய்து, எல்லாம் ஒழுங்கு என்று தரைக்குச் செய்தி அனுப்பினார். உருண்டையின் குணத்தை முழுமையாகப் புரிந்துவைத்திருந்த பயணியின் முடிவு அது.

ஒருமுறை நடந்தால் விபத்து என்று விடலாம். அடுத்த பயணத்திலேயே கெர்மான் தீத்தோவின் கலத்திலும் கருவிப் பெட்டி முழுமையாகக் கழலவில்லை. 1963இல் வலேரி பிக்கோவ்ஸ்கியின் வஸ்தோக் 5 கலத்திலும் அதே கதை. ஆறு பயணங்களில் குறைந்தது மூன்றில் ஒரே இடத்தில் கோளாறு என்றால் அது தயாரிப்பின் குறைபாடு. மூவரையும் காப்பாற்றியது சுற்றிலும் கவசம் போட்ட உருண்டை வடிவம். மெர்க்குரி மாதிரி ஒரு பக்கம் மட்டும் கவசமுள்ள கலத்தில் இப்படிச் சுழன்று இறங்கும் துணிவு யாருக்கும் வராது. 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென்னின் மெர்க்குரி கலத்தில் வெப்பக் கவசம் தளர்ந்துவிட்டது என்று ஒரு சமிக்ஞை வந்தபோது, கழற்றி எறியவேண்டிய இறக்கும் ராக்கெட் கட்டை வேண்டுமென்றே விட்டுவைத்து, அதன் பட்டைகள் கவசத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று இறக்கினார்கள். பிறகு பார்த்தால் கவசம் நன்றாகத்தான் இருந்தது, சுவிட்ச்தான் பழுது.

தரைக்கு வருவது

உருண்டையின் பாராசூட் அதைத் தரையில் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் இறக்கும். உள்ளே ஆள் இருந்தால் முதுகெலும்புக்கு ஆபத்து. எனவே 7 கி.மீ. உயரத்தில் கதவு தெறிக்கும், இரண்டு வினாடியில் சீட் பயணியோடு வெளியே பாயும். 4 கி.மீ. உயரத்தில் சீட் கழன்றுவிட, பயணி தன் பாராசூட்டில் நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் இறங்குவார். ககாரின் சராத்தோவ் வட்டாரத்தில் எங்கெல்ஸ் நகருக்குப் பக்கத்தில், ஸ்மெலோவ்கா கிராமத்தை ஒட்டி இறங்கியது இப்படித்தான். ஏவியதிலிருந்து 108 நிமிடம்.

பாராசூட்டில் தொங்கும்போது அவருக்கு வந்த சிக்கல், உடையை வடிவமைப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று. ஹெல்மெட் மூடியிருக்கும்போது வெளிக்காற்றை உள்ளே விட ஒரு வால்வு உண்டு. உடையைப் போட்டு வார்களை இறுக்கியபோது அதன் இழுகயிறு மேலுறைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. விண்வெளி போய் வந்தவர் தரைக்கு மேலே காற்றுக்காக ஏறத்தாழ ஆறு நிமிடம் போராடியிருக்கிறார். கையால் இழுக்கவேண்டிய எதுவும், எல்லா வார்களும் இறுக்கிய பிறகும் விரலுக்கு எட்டுகிறதா என்று பார்த்த பிறகே உடையைப் பயன்பாட்டுக்கு விடவேண்டும்.

பயணி தனியாகப் பாராசூட்டில் இறங்கியதைச் சோவியத் தரப்பு பல ஆண்டுகள் வெளியில் சொல்லவில்லை. பறந்தவர் கலத்தோடு இறங்கினால்தான் சாதனையாக ஏற்பது என்று பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பில் அன்று விதி இருந்தது. தயாரிப்பின் பக்கம் நின்று பார்த்தால் மறைத்திருக்கத் தேவையே இல்லை. 10 மீட்டர் வேகத்தில் மோதும் உருண்டையிலிருந்து ஆளை முன்பே எடுத்துவிடுவது சரியான பொறியியல்.

நீண்ட பயணத்துக்கு எப்படி

108 நிமிடத்துக்கு வஸ்தோக் தாராளம். ஒரு நாளைத் தாண்டினால் குறைகள் தெரியும். 1961 ஆகஸ்ட் 6 அன்று கிளம்பிய தீத்தோவ் 17 சுற்று, 25 மணி நேரத்துக்கு மேல் பறந்தார். விண்வெளிக் குமட்டலை முதலில் அனுபவித்தவர் அவர். 1962 ஆகஸ்டில் அந்திரியான் நிக்கலாயெவும் பாவெல் போப்போவிச்சும் அடுத்தடுத்த நாளில் கிளம்பி, இரு கலங்களும் சில கிலோமீட்டர் நெருக்கத்தில் வந்தன. ஆனால் அது ஏவிய துல்லியத்தின் பெருமை. பாதையை மாற்றிக்கொள்ளும் வசதி வஸ்தோக்கில் கிடையாது. இறக்குவதற்கு ஒரே ஒரு இன்ஜின், அவ்வளவுதான். பிக்கோவ்ஸ்கி எட்டு நாளுக்குக் கிளம்பி, பாதை தாழ்ந்துவிட்டதால் ஐந்தாம் நாளில் இறங்கினார். அப்படியும், தனியாகப் பறந்தவர்களில் அவரளவு நீண்ட நேரம் பறந்தவர் இன்றுவரை இல்லை.

1963 ஜூன் 16 அன்று வலந்தீனா தெரெஷ்கோவா கிளம்பிய வஸ்தோக் 6 கலத்தில் ஒரு பிழை இருந்தது. தானியங்கித் திசையமைப்பு, இறங்குவதற்குப் பதிலாகப் பாதையை உயர்த்தும்படி கலத்தைத் திருப்பியது. அவர் கவனித்துச் சொன்ன பிறகு தரையிலிருந்து திருத்தம் அனுப்பினார்கள். 1960 மே மாதம் ஆளில்லாமல் அனுப்பிய முதல் சோதனைக் கலத்தில் இதே மாதிரி திசை தவறித்தான், இறங்கவேண்டிய கலம் இன்னும் உயரத்துக்குப் போய்விட்டது. தெரெஷ்கோவா 48 சுற்று, ஏறத்தாழ 71 மணி நேரம், பெரும்பாலும் வார்களில் கட்டுண்டபடியே இருந்தார். காலில் வலி, ஹெல்மெட்டின் அழுத்தம் என்று உடையும் சீட்டும் தந்த தொல்லைகளைப் பின்னர் அறிக்கையில் சொன்னார். மூன்று நாள் ஒரே நிலையில் கிடக்க இந்தச் சீட் ஏற்றதல்ல.

சின்ன விஷயங்களிலும் கோளாறு உண்டு. ககாரினின் பென்சிலைக் கட்டியிருந்த திருகு கழன்று பென்சில் எங்கோ மிதந்து போய்விட்டது. குறிப்பு எழுத முடியாமல் ஒலிப்பதிவுக் கருவியில் பேசினார். நாடாவும் பாதியில் தீர்ந்துபோக, பின்னால் சுற்றி மேலேயே பதிந்தார். எடையின்மையில் எதையும் கட்டி வைப்பது போதாது, கட்டிய முடிச்சையும் இரண்டு தரம் சோதிக்கவேண்டும்.

வாங்கும் முன் பார்க்கவேண்டிய சோதனை வரலாறு

ஆளேற்றுவதற்கு முன் இந்த வரிசையில் ஏழு கலங்களை ஏவினார்கள். 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்திரெல்கா நாய்கள் திரும்பி வந்தன. 1961 மார்ச் 9, மார்ச் 25 பயணங்கள் பொம்மை மனிதனோடும் நாயோடும் ஒழுங்காக முடிந்தன. மற்ற நான்கும் தோல்வி. 1960 ஜூலையில் ராக்கெட் நொறுங்கியது. டிசம்பர் 1 அன்று இறக்கும் இன்ஜின் சரியாக எரியாமல் பாதை தவறியதால், அந்நிய மண்ணில் விழாதபடி கலம் தன்னைத்தானே வெடித்துக்கொண்டது. மே மாதமும் டிசம்பர் 22உம் மேலே சொன்னவை. கடைசி இரண்டும் தொடர்ந்து சரியாக வந்தால்தான் ஆளேற்றுவது என்ற விதியைக் கொரொலியோவ் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காலத்து அவசரத்தில் அவ்வளவு பொறுமை பெரிய விஷயம். ஆனாலும் அந்த இரண்டு வெற்றிகளும் பிரிவுக் கோளாறை வெளியே கொண்டுவரவில்லை. அது ககாரினுக்காகக் காத்திருந்தது.

அடுத்த பதிப்பு

1964 அக்டோபர் 12 அன்று பறந்த வஸ்ஹோத் இதே உருண்டைதான். எறியும் சீட்டை எடுத்துவிட்டு மூவரை அழுத்த உடையில்லாமல் உட்கார வைத்தார்கள். தரையைத் தொடும் நொடியில் எரியும் ராக்கெட்டையும், உச்சியில் மாற்று இறக்கும் ராக்கெட்டையும் சேர்த்தார்கள். இந்த மாற்று ராக்கெட் வஸ்தோக்கிலேயே இருந்திருக்கவேண்டியது. ஆனால் ஏவும்போது தப்பிக்கும் வழியை அடியோடு எடுத்துவிட்டதால், பாதுகாப்பில் இது முன்னேற்றம் அல்ல. உட்காரும் திசையைத் திருப்பியதால் விசோரும் பயணியின் பார்வைக்கு நேரே இல்லாமல் போனது. 1965 மார்ச்சில் அலெக்சேய் லியோனொவ் முதல் விண்நடையை முடித்த பிறகு தானியங்கி பழுதாக, பாவெல் பெல்யாயெவ் சீட்டுகளின் குறுக்கே படுத்து விசோரைப் பார்த்துக் கலத்தைத் திருப்பவேண்டியிருந்தது. எழுந்து சீட்டுக்குத் திரும்பிக் கலத்தைச் சமன்படுத்திய பிறகே இன்ஜினைப் போட முடிந்தது. அதில் போன 46 வினாடி அவர்களைத் திட்டமிட்ட இடத்துக்குச் சுமார் 386 கி.மீ. தள்ளிப் பெர்ம் காட்டில் இறக்கியது. ஒரு கருவியை நகர்த்தாமல் உட்காருபவரை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

உருண்டை மட்டும் நின்றது. உளவுப் படம் எடுத்த ஜெனித் செயற்கைக்கோள்களில், பிறகு உயிரியல் ஆய்வுக்கான பயோன் கலங்களில், அதே 2.3 மீட்டர் உருண்டை தொடர்ந்து பறந்தது. 2013இல் எலிகளையும் பல்லிகளையும் ஏற்றிப் போய் வந்த பயோன்-எம் 1 கலமும் அதே வம்சம்தான்.

நேரில் பார்க்கக் கிடைத்தால், கறுத்த கவசத்தையும் தெறித்த கதவின் வட்டத்தையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் கருவிப் பெட்டியின் கேபிள் கற்றை வந்து சேரும் தட்டு ஒன்று இருக்கும். அதையும், நான்கு பட்டைகளும் ஒன்றுகூடும் உச்சிப் பூட்டையும் தேடிப் பாருங்கள். 10:25 முதல் 10:35 வரை எல்லாம் அந்த இரண்டு இடங்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.